கூவிச் சொன்ன எடை

யாலெம்தோன் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் தராசு ஒரு கம்பளித் திரைக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளையும் தாயும் நர்ஸ் பாஸ்குவாலாவும் மட்டும்தான் உள்ளே போவார்கள். முள் எங்கே நின்றது என்று அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தாய் கேட்டால் காதோடு சொல்லுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் மலையில் எடையைக் கமுக்கமாகச் சொல்வது திருட்டுத்தனம். நகரத்து வியாபாரிகள் வாய்க்குள் முணுமுணுத்தே எங்கள் தகப்பன்மார்களை மொட்டையடித்தார்கள். அன்றிலிருந்து காப்பிக்கொட்டையானாலும் ஆட்டு மயிரானாலும் தராசில் ஏறியதை நாலு பேர் காதில் விழும்படி கூவியாக வேண்டும். ஆகவே பாஸ்குவாலாவைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை.

"என்ன நர்சம்மா, உள்ள வச்சுக் கள்ளச் சரக்கா நிறுக்கறீங்க?" என்று வாசலில் நிற்கும் ஆண்கள் கேட்பார்கள்.

அவள் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள். ஒரு காலத்தில் அவளைப் போலக் கூவுவதற்கு இந்த ஊரில் ஆளே கிடையாது என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. மீதிப் பேர் மறந்ததுபோல் இருக்கிறார்கள்.

பாஸ்குவாலா பிறந்தது சோளம் பொய்த்துப்போன வருஷங்களில். உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு சோளரொட்டி தின்று வளர்ந்தவள், அதுவும் கிடைத்த நாளில். தம்பி தங்கைகள் வயிற்றுப்போக்கில் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரே முகம்தான், கிழட்டு முகம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் நகரத்துக் கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்து, ஸ்பானிஷ் பேசப் பழகி, ஊசி போடப் பழகி, துணை நர்சாகத் திரும்பி வந்தாள். மரியானைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி. அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

அந்த நாட்களில் நிலையத்து உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு இருந்தது. குழந்தையைத் துணிக் காற்சட்டையில் போட்டுத் தொங்கவிடுவாள். முட்டையிடும் கோழியின் கனம்கூட இல்லாத குழந்தைகள் அவை. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த முள் ஒருநாள் இம்மி மேலே ஏறினால் பாஸ்குவாலா தெருவரைக்கும் கேட்கக் கூவுவாள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் குடத்தை இறக்கிவைத்துக் கைதட்டுவார்கள். அந்தக் கூவலைக் கேட்கவே தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார்கள் என்று சொன்னால் பொய்யில்லை.

மிக்கேலாவும் அப்படி வந்தவள்தான். முதல் பிள்ளையைக் கொண்டுவந்தாள், செத்தது. அடுத்ததையும் கொண்டுவந்தாள், அதுவும் பாஸ்குவாலாவின் கையிலேயே செத்தது. மூன்றாவது லோஷா. அவளும் பேதியில் சுருண்டபோது, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, கரண்டி கரண்டியாக இரவும் பகலும் புகட்டிப் பாஸ்குவாலா அவளைப் பிடித்து நிறுத்தினாள். பிழைத்த பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கோவிலில் ஏந்தி நிற்க மிக்கேலா வேறு யாரையும் கூப்பிடவில்லை. அப்படித்தான் பாஸ்குவாலா லோஷாவுக்கு ஞானத்தாய் ஆனாள். லோஷா அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள்.

பிறகு சாலை வந்தது. சாலையோடு லாரி வந்தது, லாரியில் பாட்டில் பாட்டிலாக இனிப்புக் கலர் வந்தது. குழாயில் சேறு வரும், சில நாள் அதுவும் வராது. கலர் மட்டும் எந்தக் கடையிலும் தீர்ந்ததில்லை. கல்யாணத்துக்குக் கலர், சாமிக்குக் கலர், சண்டை தீர்ந்தால் கலர். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அவமரியாதை. மிக்கேலா லோஷாவின் பால் புட்டியிலேயே கலர் ஊற்றிக் கொடுத்தாள். லோஷாவுக்குக் கன்னம் தொங்கியது, மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. ஊரே அதைக் கண்டு மகிழ்ந்தது. பாஸ்குவாலாவும் அந்தக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியவள்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? சவக்குழிக்கு அனுப்பிய பிள்ளைகளுக்கு ஈடாகக் கிடைத்த சதை அது.

லோஷாவுக்குப் பதினொரு வயதானபோது டாக்டர் ரென்தேரியா வந்தாள். நகரத்துப் பெண், சின்ன வயசு, மலைப்பாதையில் வாந்தி எடுத்தபடியே வந்து சேர்ந்தாலும் வேலையில் குறை வைக்காதவள். பெரியவர்களுக்குக் கால்விரல் அழுகுகிற சர்க்கரை நோய் இப்போது பிள்ளைகளுக்கே வர ஆரம்பித்துவிட்டது என்று அவள் சொன்னபோது பாஸ்குவாலா லோஷாவின் கன்னத்தை நினைத்துக்கொண்டாள். பிள்ளையைத் திட்டாதே, தாயைப் பயமுறுத்தாதே, வீடு முழுக்கச் சேர்ந்து ஒரு பழக்கத்தை மாற்றச் சொல், ஒரு வேளைக் கலருக்குப் பதில் தண்ணீர் என்று ஆரம்பி என்றெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளையின் எடையைக் கூவாதே என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நகரத்தில் யார் கூவுகிறார்கள்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் நிறுக்க நாள் குறித்தார்கள். தொங்கு தராசு கைக்குழந்தைக்குத்தான் ஆகும், பெரிய தராசு வந்து சேரவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் டாக்டர். பாஸ்குவாலாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் ஏற்பாடு பண்றேன் டாக்டர், நீங்க வாங்க போதும்" என்றாள்.

பன்றி வாங்கி விற்கும் அந்துனிடம் மேடைத் தராசு ஒன்று இருந்தது. சந்தையில் பன்றிகளை ஏற்றி நிறுக்கிற அதே தராசு. கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மரியானை விட்டுத் தூக்கிவரச் செய்தாள். தராசு தராசுதானே என்று நினைத்தாள். அன்று பாதையில் மண் சரிந்து டாக்டரின் வண்டி கீழேயே நின்றுவிட்டது. பாஸ்குவாலா தனியாகவே ஆரம்பித்தாள். பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஏற ஏற, பழக்கப்படி, நேர்மைப்படி, உரக்கக் கூவினாள்.

லோஷா ஏறியதும் தராசு கிறீச்சிட்டது. சந்தையில் கொழுத்த பன்றி ஏறும்போது எழுப்புகிற அதே கிறீச். பாஸ்குவாலா எடையைக் கூவினாள். பின்னாலிருந்து எவனோ ஒருவன் அந்துனைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலைக் கட்டுங்கப்பா, நானே எடுத்துக்கறேன்!" என்றான்.

முற்றமே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், வாத்தியார் சிரித்தார், தாய்மார்கள் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பாஸ்குவாலாவின் உதடும் விரிந்துவிட்டது. ஒரு நொடிதான். லோஷா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இறங்கிப் போய்விட்டாள். மிக்கேலா எழுந்து போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு லோஷா பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் நடந்தால் தெருப்பிள்ளைகள் வாயால் கிறீச்சிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள் பாஸ்குவாலா. சின்னஞ்சிறுசுகள், ஆறிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அறுவடைக் காலம் முடிகிற சமயத்தில் ஊற்றடியில் லோஷாவைப் பார்த்தாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. கழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் கறுப்பு, டாக்டர் சொல்லியிருந்த சர்க்கரை அடையாளம். பாவாடைக் கச்சை முன்னைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. கன்னம் வற்றியிருந்தது.  பாஸ்குவாலா தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக மிக்கேலா வீட்டுக்கு ஓடினாள்.

மிக்கேலா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இன்னும் எதுக்கு வந்தே?"

"மிக்கேலா, புள்ள இளைக்கறா. நிறையத் தண்ணி குடிக்கறா. இது நல்லதுக்கில்ல. விரல்ல ஒரு பொட்டு ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்டீ."

"சதையை எடுத்தே, இப்ப ரத்தமும் வேணுமா?"

"நான் என்னத்தடீ எடுத்தேன்?"

"பன்னித் தராசுல ஏத்திக் கூவினியே, கூவினா வித்த மாதிரிதானே? கூவின சரக்கு வீட்டுல தங்குமா? அன்னியிலேருந்து எம் பொண்ணு கரைஞ்சுக்கிட்டே இருக்கா. எவனோ வாங்கித் தின்னுக்கிட்டிருக்கான். நான் விடமாட்டேன் அக்கா. மூணு வேளையும் இனிப்பு ரொட்டி, நடுவுல கலர். போன சதையைத் திரும்பக் கொண்டாந்துடுவேன்."

"ஐயோ, இனிப்புக் குடுக்காதடீ! அதுதான்டீ அவளைக் கொல்லுது!"

மிக்கேலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தப் புள்ள செத்துக் கிடந்தப்போ சர்க்கரைத் தண்ணி குடுத்துக் காப்பாத்தினது யாரு? நீதானே? சர்க்கரைத் தண்ணி உயிர் காக்கும்னு எனக்குச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

 பேதிக்குக் கொடுத்தது வேறு, இது வேறு என்று மூடிய கதவிடம் பாஸ்குவாலா சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள். எப்படியாவது கூட்டிக்கொண்டு வா, தாமதிக்காதே என்றாள் டாக்டர். எப்படியாவது என்றால் எப்படி? கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்புறம் இந்த மலையில் எந்தத் தாய் பிள்ளையை அவளிடம் கொண்டுவருவாள்? ஊர்ப் பெரியவர் லுக்காஸிடம் போய் நின்றாள்.

"முறையா மன்னிப்புக் கேளு. கேட்டா புள்ளையை அனுப்புவாங்க" என்றார் அவர். "புள்ளையோட அப்பன் ஷாலிக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கான். சனிக்கிழமை வந்துடுவான். அப்பன் இல்லாம மன்னிப்பு செல்லாது. ஞாயித்துக்கிழமை ஒரு கிரேட் கலரோட போ."

"அண்ணே, கோழி கொண்டு போறேன், முட்டை கொண்டு போறேன். கலர் மட்டும் வேணாமே."

"மன்னிப்புக் கேக்கப் போறியா, பத்தியச் சாப்பாடு போடப் போறியா?"

"அந்தப் புள்ளைக்குச் சர்க்கரை அண்ணே. அவ அதைத் தொடக் கூடாது."

"கலர் இல்லாம வாயால கேட்டா ஷாலிக் வாசப்படியே ஏத்த மாட்டான். யாருக்குக் குத்தம் பண்ணமோ அவங்கதான் முதல்ல குடிக்கணும், அதை மாத்த நான் யாரு?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணு. ஒரு மடக்கு குடிக்கட்டும். மிச்சத்தைப் புனல் வச்சு ஊத்திக்கட்டும்."

அது எங்கள் வழக்கத்தில் உள்ளதுதான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத கிழவர்கள் விருந்துக்குப் போகும்போது காலி பாட்டிலும் புனலும் எடுத்துப்போவார்கள். உதட்டை நனைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றி வைத்துக்கொண்டால் குடித்ததாகவே கணக்கு. பாஸ்குவாலாவுக்கு உயிர் வந்தது. தகரப் புனல் ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்து மடியில் முடிந்துகொண்டாள். சர்க்கரையில்லாத கலர் கிடைக்குமா என்று ஒவ்வொரு கடையாகவும் ஏறி இறங்கினாள்.

"இனிப்பில்லாத கலரா? அதை யாரு குடிப்பா, செத்தவன்கூடத் துப்பிடுவான்" என்று கடைக்காரி சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் மிக்கேலாவின் வேலிக்கு வெளியே நின்று, இனிப்பு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரியான் தோளில் கிரேட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் ஊர் நடுவே நடந்தார்கள். கலர் குடிக்காதே என்று ஊரெல்லாம் படம் ஒட்டியவள் கலர் சுமந்து போனால் ஊர் சும்மா இருக்குமா?

"நர்சம்மா, புது மருந்தா? எத்தனை வேளை?"

"வெறும் வயித்துலயா, சாப்பிட்டப்புறமா?"

பாஸ்குவாலா தலை நிமிரவில்லை.

ஷாலிக் வீட்டில் தரையில் பைன் இலை பரப்பியிருந்தார்கள், மெழுகுவர்த்தி எரிந்தது. பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். லோஷாவைச் சின்ன நாற்காலியில் நடுவே உட்காரவைத்திருந்தார்கள். பாஸ்குவாலா அவள் முன்னால் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். மூத்தவள் இளையவளுக்குத் தலை குனிவதைக் கண்டு லோஷாவுக்கே வெட்கமாகிவிட்டது.

"லோஷா, உன்னைப் பன்னித் தராசுல ஏத்தினேன். நாலு பேர் முன்னால கூவினேன். எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். பெரியம்மாவை மன்னிச்சிடு தாயி."

"நீங்க சிரிச்சதைப் பாத்தேன் பெரியம்மா" என்றாள் லோஷா மெல்ல. "அதுக்குத்தான் அழுதேன். மத்தவங்க சிரிச்சதுக்கு இல்ல."

குனிந்த தலையை ஏற்றுக்கொள்ளும் முறைப்படி, புறங்கையால் பாஸ்குவாலாவின் நெற்றியைத் தொட்டாள். கை சோளத்தோல்போலக் காய்ந்திருந்தது. மூச்சில் ஏதோ பழம் கனிந்து வீணானதுபோல ஒரு வாடை. சர்க்கரை முற்றினால் மூச்சில் வரும் வாடை அது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தாள். பாஸ்குவாலாவுக்குத் தெரியும்.

மரியான் முதல் பாட்டிலைத் திறந்து லோஷாவிடம் கொடுத்தான். பாஸ்குவாலா அவசரமாக மடியிலிருந்து புனலை எடுத்து நீட்டினாள். "ஒரு மடக்குப் போதும்மா. மிச்சத்தை ஊத்தி வச்சுக்கலாம்."

லோஷா புனலைப் பார்த்தாள், பாஸ்குவாலாவைப் பார்த்தாள். பிறகு புனலை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஊத்தி வைக்கறதெல்லாம் கிழவங்களுக்கு. நான் ஊத்தி வச்சா பாதிதான் மன்னிச்சேன்னு நீங்க நினைப்பீங்க. முழுசாவே குடிச்சிடறேன் பெரியம்மா. தாகமாவும் இருக்கு."

அண்ணாந்து குடித்தாள். பாட்டிலைப் பிடுங்கத் தன் கை எழும்பியது பாஸ்குவாலாவுக்குத் தெரியும். பிடுங்கினால் மன்னிப்பு முறிந்தது, கதவு மூடியது, ஆஸ்பத்திரி இல்லை. கையைத் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டாள். லோஷா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் பாராட்டினார்கள், மிக்கேலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் குடித்து முடித்ததும், முறைப்படி, ஷாலிக் தன் பங்குக்குப் பதில் சுற்று எடுத்தான். லோஷாவுக்கு இரண்டாவது பாட்டில். அதையும் அவள் மறுக்கவில்லை.

"நாளைக் காலையில லாரி போகுது அக்கா" என்றான் ஷாலிக். "நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. மனசுல ஒண்ணுமில்ல இப்ப."

"இப்பவே கிளம்பிடலாம் தம்பி."

"கோழி கொதிச்சுக்கிட்டிருக்கு. சாப்பிடாம எழுந்தா என்னக்கா அர்த்தம்?"

எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை அவமானப்படுத்திய வீட்டை மறுபடியும் அவமானப்படுத்தப் பயந்தாள். பயந்து உட்கார்ந்தாள். கோழி வெந்தது, ரொட்டி சுட்டார்கள், பெரியவர்கள் சாப்பிட்டார்கள். லோஷா தாயின் மடியில் தூங்கினாள். தூங்குகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழுப்பினபோது கண்ணைத் திறந்து யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். அப்புறம் யாரும் லாரிக்குக் காத்திருக்கவில்லை. அந்துனின் பன்றி வண்டிதான் ஊரில் நின்றது. அதில்தான் போனார்கள்.

மூடுபனியில் வண்டி ஊர்ந்து இறங்கியது. பாஸ்குவாலா பிள்ளையின் மூச்சை எண்ணுவதுபோல் கேட்டுக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியும் குழாயும் எல்லாம் செய்தார்கள். விடிவதற்குள் லோஷா போய்விட்டாள்.

"அந்த ரெண்டு பாட்டிலால இல்லை பாஸ்குவாலா" என்றாள் டாக்டர் ரென்தேரியா. அழுது முகம் வீங்கியிருந்தது அவளுக்கும். "இது பல நாளா உள்ளே நடந்திருக்கு. ஒரு வாரம் முன்னாடி கொண்டுவந்திருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஒரு வாரம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது.

அடக்கத்துக்குப் பாஸ்குவாலா கூட்டத்தின் கடைசியில் போய் நின்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். பெட்டியில் லோஷாவுக்குப் புதுப் பாவாடை உடுத்தியிருந்தார்கள். செத்தவர்கள் போகிற பாதை நீளம், வெயில், தாகம் எடுக்கும். ஆகவே வழிக்குச் சோளரொட்டியும் குடிக்க ஒன்றும் வைத்து அனுப்புவோம். மிக்கேலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். கையில் ஒரு பாட்டில் கலர்.

"அக்கா, நீங்க வையுங்க. உங்க கையால வையுங்க."

பாஸ்குவாலா சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதீங்க அக்கா. அவ உங்க மேல கோவம் வச்சுக்கிட்டுப் போயிருந்தா என் மனசு ஆறியிருக்காது. மனசாரத்தான் மன்னிச்சா. பாத்தீங்கல்ல, ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாளே."

பாஸ்குவாலா பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் லோஷாவின் கை அருகே வைத்தாள். மூடியைத் தளர்த்தி வைத்தாள். குழி மூடியதும் வந்தவர்களுக்கெல்லாம் கலர் கொடுத்தார்கள். அவள் முறை வந்தது. அந்தத் தகரப் புனல் இன்னும் மடியில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மிக்கேலா பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள்.